அரை விரல் இடம்

நிலம் அளக்கிறவன் நான்.
கோட்டையூரிலிருந்து கண்டனூர் வரை
யார் வேலி யார் பக்கம் சாய்கிறது
என்று கேட்டால் சொல்வேன்.
மகளுக்குக் கால் என்ன நீளம் என்று
ஃபுட்பால் கோச் இருதயம் கேட்டபோது
தலையைச் சொறிந்தேன்.

"சாயங்காலமா அளங்க சார்,
ஆடி முடிச்சா கால் கொஞ்சம் வீங்கும்.
நீள ஸ்டட் வச்சதை வாங்கிராதீங்க, அது புல்லுக்கு.
நம்ம பொட்டலுக்குக் குட்டை ரப்பர் போதும்.
ஐப்பசியில மட்டும் கண்மாய்க்கரை வழுக்கும்,
விழட்டும், எந்திரிப்பா."

பழைய புலப்படம் ஒன்றின் பின்பக்கத்தில்
செரினை நிற்கவைத்து
பென்சிலைச் செங்குத்தாய்ப் பிடித்துச் சுற்றிவந்தேன்.
கூச்சத்தில் நெளிந்தாள்.
குதிகால் அருகே கோடு துள்ளிவிட்டது.
இடது கால் இருபத்தொன்றரை.
வலது அதைவிட ஒரு நூல் கம்மி.
பத்து வருஷமாய் ஒரே வீட்டில் இருக்கிறோம்,
இந்த ஒரு நூல் எனக்குத் தெரியாது.

காரைக்குடி, செக்காலை ரோடு, சாத்தப்பன் கடை.
"வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் கூட எடுங்க,
முன்னால பஞ்சு வச்சுக்கலாம்."
பஞ்சுக்கு இந்தப் பக்கம் விரல்,
அந்தப் பக்கம் பந்து.
வேண்டாம் என்றேன்.
பையிலிருந்து அவள் ஆடும்போது போடுகிற
தடித்த சாக்ஸை எடுத்தேன்.
சாத்தப்பனுக்கு என்மேல் மரியாதையா எரிச்சலா,
தெரியவில்லை.

மூன்றாவது தட்டில் இருந்தது அது.
கிளிப்பச்சை.
அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு அதைப் பார்க்காததுபோல்
மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அதுல ஒரே ஜோடிதான் மிச்சம், பாதி வெலை."

போட்டாள். கட்டினாள்.
மொசைக் தரையில் டக்கு டக்கென்று
கண்ணாடிவரை போய்த் திரும்பினாள்.
"சரியா இருக்குப்பா."
"இறுக்குதா?"
"சரியா இருக்குன்னு சொல்றேன்ல."

மண்டியிட்டு முனையைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.
அரை விரல் இடம் வேண்டும் என்றிருந்தார் இருதயம்.
இருந்தது.
ஒரு முழு விரலுக்கே இருந்தது.
அங்கேதான் சந்தேகம் வந்தது.
கொஞ்சம் பின்னால் தடவினேன்.
ரெக்சினுக்கு அடியில் ஒரு மேடு,
பெருவிரல் மடங்கிப் பதுங்கியிருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாய் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டு
காலையில் காப்பி கொடுத்து
"நீங்களே அளந்துக்கங்க" என்று சிரிப்பவர்களை
இருபது வருஷமாய் எனக்குத் தெரியும்.
அவர்களிடம் சத்தம் போடுவேன்.
இங்கே சத்தம் வரவில்லை.
"விரலை நீட்டு" என்றேன்.
நீட்டினாள்.
முகம் சுருங்கியது.
சாத்தப்பன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்தது கறுப்பு.
மூன்றாம் நம்பர், குட்டை ரப்பர் குமிழ்கள்,
விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்குகிற அடி,
ஆயிரத்து நூற்றைம்பது.
இருபது ரூபாய்க்குத் தனியாகப் பச்சை லேஸ்.
பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.
பேசவில்லை.
கோட்டையூர் தாண்டியதும்
மூடியை ஒரு விரற்கடை தூக்கி மோந்து பார்த்தாள்.

சனிக்கிழமை புதுவயலில் மேட்ச்.
எனக்கு அன்று கானாடுகாத்தானில் பாகப்பிரிவினை.
மூன்று அண்ணன் தம்பி, ஒரு கிணறு.
மத்தியானம் இருதயம் போன் செய்தார்.
ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயித்தாயிற்று.
"பாப்பாவ எறக்க முடியல சார்,
பெரிய புள்ளைக நெறய. அடுத்த தடவை பாப்போம்."

வீடு வந்தபோது
கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தாள்.
புது ஷூ இரண்டையும் செம்மண்ணில் புரட்டி
குமிழ் இடுக்குகளில் விரலால் மண் அப்பி,
பச்சை லேசையும் விட்டுவைக்கவில்லை.
என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.
"செம ஓட்டம்ப்பா இன்னிக்கு."

கையில் டேப் இருந்தது.
பைக்குள் போட்டேன்.
"கால் எங்கயாவது கடிச்சுதா?"
"இல்லப்பா, சரியா இருக்கு."

அது உண்மைதான்.